புலித்தோல் போர்த்த ஈ

கீரைக்குப் பறித்தது போக விதைக்கென்று விட்டுவைத்த கொத்தமல்லிப் பாத்தி, தை மாதத்து இளவெயிலில் தண்டு நீண்டு, வெள்ளையும் இளஞ்சிவப்புமான சின்னஞ்சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும்போது, அதைச் சுற்றி ரீங்காரமிட்டுக்கொண்டு வந்து கூடும் ஜீவராசிகள் அனைத்தையும் தேனீக்கள் என்று சொல்லிவிடுவது நம்மில் பெரும்பாலோருடைய வழக்கம். பழுப்பு உடலும், வயிற்றின்மேல் மஞ்சளும் கறுப்புமாக ஓடும் பட்டைகளும், பூவை விட்டுப் பூவுக்கு ஓயாமல் தாவும் சுறுசுறுப்பும் ஒருங்கே அமைந்த ஒன்றை வேறு என்னவென்று சொல்வது? பக்கத்தில் விளையாடும் குழந்தையை, ‘கொட்டிவிடும், எட்டிப் போ’ என்று எச்சரித்துவிட்டு நாமும் சற்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஒதுங்காமல் குனிந்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கோ, அந்தக் கூட்டத்தில் கொடுக்கே இல்லாத ஆசாமிகள் பலர் கலந்திருப்பது சிறிது நேரத்திலேயே தெரியவரும்.

பூவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், அந்தரத்தில் அசையாமல் நின்று, திடீரென்று பக்கவாட்டில் விலகி, மறுகணமே பழைய இடத்துக்கு வந்து நிற்கும் ஒன்றைக் கண்டால் முதல் சந்தேகம் எழவேண்டும். அது பூவில் இறங்கியபின் சந்தேகம் தீரும். தேனீக்கு இறகுகள் நான்கு, இதற்கு இரண்டே. பின்னிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், காம்பும் முனையில் குமிழுமாக இரு சிறு உறுப்புகள் இருந்து, பறக்கையில் உடலின் சமநிலையைக் காக்கின்றன. தேனீயின் உணர்கொம்புகள் நீண்டு நடுவில் மடிந்திருக்க, இதற்கு நெற்றியில் கட்டையான இரண்டு முளைகளே உண்டு. மகரந்தத்தை உருட்டிவைத்துக்கொள்ளும் கூடை பின்னங்கால்களில் இல்லை. தலையின் பெரும்பகுதியைக் கண்களே அடைத்துக்கொள்கின்றன. நம் ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் எரிஸ்டாலினஸ் என்ற வகையில் அந்தக் கண்களின் மேலேயே புள்ளிகளும் கோடுகளும் தீட்டியிருக்கும். பூதக்கண்ணாடி ஒன்று கைவசம் இருந்தால், அந்தக் கண்களைப் பார்ப்பதற்காகவே ஒரு காலைப் பொழுதைச் செலவழிக்கலாம்.

ஈக்களுள் சிர்ஃபிடே என்று விஞ்ஞானிகள் வகுத்துள்ள குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. பூக்களையே நம்பி வாழ்வதால் பூ ஈக்கள் என்று இங்கே குறிப்பிடுவோம். உலகம் முழுவதிலுமாக ஏறக்குறைய 6,000 இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சில தேனீயின் கோலத்தையும், சில குளவியின் கோலத்தையும், சில ஐரோப்பியத் தோட்டங்களில் திரியும் ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீயின் கோலத்தையும் பூண்டிருக்கின்றன. மனத்தை அடக்கும் வல்லமை இல்லாதவன் தவக்கோலம் பூணுவதை, புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசுவுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்தப் பசுவினால் வயற்காரனுக்கு நஷ்டமே அன்றி லாபம் ஏதும் இல்லை. நம்முடைய ஈயும் புலித்தோல் போர்த்திருக்கிறது; மகரந்தத்தை மேயவும் செய்கிறது. இதனால் பூவுக்கு, அதாவது வயலுக்கு, ஏற்படுவது நஷ்டமா, லாபமா என்பதே தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்கத் தகுந்த கேள்வி.

இந்த வேஷத்தில் ஏமாந்தவர்களின் வரிசை மிகப் பழைமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் ரோமானிய மகாகவி வெர்ஜில், விவசாயத்தைப் பற்றிய தம்முடைய ஜார்ஜிக்ஸ் என்ற காவியத்தின் நான்காம் பகுதியில், தேன்கூடுகள் அழிந்துபோனால் புதிதாகத் தேனீக்களை உண்டாக்கிக்கொள்ளும் உபாயம் ஒன்றை விவரிக்கிறார்: இரண்டு வயதுக் காளையொன்றின் மூக்கையும் வாயையும் அடைத்து, தோல் கிழியாதபடி அடித்துக் கொன்று, நான்கு திசைகளிலும் சாளரம் வைத்த சிறு அறையில் வாசனைத் தழைகளின்மேல் கிடத்திவிட்டால், அழுகும் உடலிலிருந்து தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி வருமாம். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலும் சிம்சோன் தான் கொன்ற சிங்கத்தின் உடலுக்குள் தேனீக் கூட்டத்தையும் தேனையும் காண்கிறான். இத்தகைய நம்பிக்கை பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் என்ன என்று யோசித்தவர், ரஷ்யப் பிரபுவும் ராஜதந்திரியும் ஈக்களின் ஆராய்ச்சியில் ஆயுளைச் செலவிட்டவருமான ஆஸ்டன் சாக்கன். 1894-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், காளையின் உடலிலிருந்து பிறந்தவை தேனீக்களே அல்ல, எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற பூ ஈக்களே என்று வாதிட்டார். அழுகல் நீரில் முட்டையிட்டு அங்கேயே புழுவாக வளர்ந்து வெளிவரும் அந்த ஈ, ஆண் தேனீயை அச்சாக ஒத்திருப்பதால், பழங்காலத்தவர் கண்ணால் கண்டது மெய், கண்டதற்கு இட்ட பெயர்தான் பொய் என்பது அவர் கட்சி. அந்தத் தேனீக்களிடமிருந்து தேனை எடுத்துக் காட்டும்படி கேட்பார் ஒருவரும் அன்று இல்லாமற்போனதுதான் ஆச்சரியம்.

வேஷம் யாருக்காக என்பதற்கு விடை 1862-இல் கிடைத்தது. அமேசான் காடுகளில் பதினோரு ஆண்டுகள் அலைந்து திரும்பிய ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், உண்ணத் தகாத பட்டாம்பூச்சிகளின் வண்ணத்தை உண்ணத் தகுந்தவை பூண்டுகொண்டு பறவைகளுக்குத் தப்பிப் பிழைக்கும் விந்தையை அவ்வாண்டு எழுதி வெளியிட்டார். பூ ஈக்களுக்கும் அதே விதி பொருந்தும் என்பதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரௌவர் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதிகள் தேரைகளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். தேனீயை விழுங்கப்போய் நாக்கில் கொட்டு வாங்கிய தேரை, பிறகு எரிஸ்டாலிஸ் ஈயைக் கண்டாலும் தொடாமல் விட்டுவிட்டது. தேனீயைக் கண்டறியாத தேரையோ ஈயை மகிழ்ச்சியோடு தின்றது. ஆக, தோல் போர்த்தது பறவைக்காகவும் தேரைக்காகவும் பல்லிக்காகவுமே அன்றிப் பூவுக்காக அல்ல. பூவுக்குக் கண் இல்லை. வந்தது புலியா பசுவா என்று அது விசாரிப்பதில்லை. வந்த உடலில் மகரந்தம் ஒட்டியிருக்கிறதா, அந்த உடல் சூல்முடியை உரசுகிறதா என்பன மாத்திரமே பூவின் வழக்கில் செல்லும் சாட்சியங்கள்.

ஆயினும் வேஷத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் கூடவில்லை. வேஷம் போட்டவன் நடையையும் மாற்றிக்கொண்டால்தானே நம்புவார்கள்? கோல்டிங், எட்மண்ட்ஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் செய்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி இந்த நடையைக் கடிகாரம் வைத்து அளந்தது. ஒரு பூவில் எத்தனை விநாடி தங்குவது, அடுத்த பூவுக்குப் பறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது என்ற இரண்டிலும் எரிஸ்டாலிஸ் ஈக்கள் மற்ற ஈக்களைப் போலன்றித் தேனீயையே ஒத்திருந்தன. தேனீயைப் போல் தோன்றுவதற்காகத் தேனீயைப் போல் பூவுக்குப் பூ போகவேண்டியிருக்கிறது. போகிற வழியில் பூவின் காரியமும் ஓரளவு நடந்துவிடுகிறது.

அந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்பதை முதன்முதலில் கிரமமாகக் கவனித்து எழுதியவர்களுள் முக்கியமானவர் ஜெர்மனியில் லிப்ஸ்டாட் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹெர்மன் முல்லர். (வேஷத்தின் மற்றொரு விதியைக் கண்டறிந்து, பேட்ஸுக்கு அடுத்தபடியாகப் பெயர் பெற்ற ஃபிரிட்ஸ் முல்லர் இவருடைய தமையனார், ஒரே வீட்டில் ஒருவர் வேஷத்தையும் மற்றவர் வேலையையும் எடுத்துக்கொண்டார்கள்.) 1873-இல் வெளிவந்த அவருடைய நூலில் வெரோனிகா என்ற செடியைப் பற்றிய வர்ணனை ஒன்று உண்டு. ஐரோப்பியப் புல்வெளிகளில் தானே முளைக்கும் இந்தச் செடியின் நீலப் பூ விரல் நகத்தைவிடச் சிறியது. அதன் நடுவிலிருந்து இரண்டே மகரந்தத் தாள்கள் இருபுறமும் விலகி நீட்டிக்கொண்டிருக்க, சூல்தண்டு மாத்திரம் கீழிதழின் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சின்னஞ்சிறு பூ ஈ ஒன்று வந்து கீழிதழில் அமரும்போதே அதன் அடிவயிறு சூல்முடியில் பட்டு, முந்தைய பூவிலிருந்து கொண்டுவந்த பொடி அங்கே ஒட்டிவிடுகிறது. பிறகு பிடிமானத்துக்காக ஈ முன்னங்கால்களை நீட்டுகையில், அகப்படுவன அந்த இரு தாள்களின் மெலிந்த அடிப்பாகங்களே. இழுத்ததும் இரண்டு மகரந்தப் பைகளும் உட்புறம் வளைந்து ஈயின் வயிற்றின் அடியில் வந்து மோதிப் புதுப் பொடியைப் பூசிவிடுகின்றன. ஈ நினைத்தது கால் ஊன்ற இடம். பூவுக்குக் கிடைத்தது வம்ச விருத்தி. இந்தப் பூவைப் பார்த்த பிறகும், ஈக்கள் தற்செயலாக வந்து போகின்றவை, அவற்றால் பூவுக்குப் பிரயோஜனம் இல்லை என்று பேசுவது நியாயமாகாது.

ஆனால் எல்லாப் பூவும் வெரோனிகா அல்ல. ஒரு பூவில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது என்பதனாலேயே அது மகரந்தத்தைச் சேர்த்தது என்று முடிவு கட்டுவது, கோயிலுக்குள் நுழைந்தவர் அனைவரையும் பக்தர் என்று கணக்கெடுப்பதற்குச் சமானம். வருகை வேறு, சேவை வேறு. இந்த வித்தியாசத்தை அளப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் கையாளும் முறை மிகவும் எளியது, மிகவும் அலுப்பூட்டுவதும்கூட. மொட்டு விரியுமுன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் அதை மூடிவிடுகிறார்கள். பூ விரிந்து சூல்முடி பக்குவமானதும் பையை அவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பூச்சி, ஒரே ஒரு முறை, வந்து உட்கார்ந்து எழுந்து போனதும் அடுத்தது வருவதற்குள் சூல்முடியைக் கத்தரித்தெடுத்து, சாயமேற்றி, நுண்நோக்கியின் கீழ் வைத்து, அந்த ஒரு வருகையில் எத்தனை மகரந்தத் துகள்கள் வந்து சேர்ந்தன என்று எண்ணுகிறார்கள். பிறகு அடுத்த பூ. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் பலவகைச் செடிகளில் இவ்வாறு எண்ணிப் பார்த்து, வந்து போவோரின் எண்ணிக்கையை மாத்திரம் வைத்துச் சேவையை மதிப்பிடுவது தவறான வழி என்று 2013-இல் எழுதினார்கள். பூ ஈக்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் பிரமாதமான வாக்கியங்களைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கையை நினைவில் கொள்வது நலம். உலகத்தின் உணவுப் பயிர்களுள் 72 சதவீதத்தின் பூக்களுக்குப் பூ ஈக்கள் வருகின்றன என்று 2020-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று தொகுத்துச் சொன்னது. அது வருகைக் கணக்கே.

சேவைக் கணக்கு கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறது. கடுகினத்தைச் சேர்ந்த ரேப் என்னும் எண்ணெய்ப் பயிரைக் கூண்டுகளில் வளர்த்து, சிலவற்றில் மேசன் தேனீ என்ற தனித்து வாழும் தேனீயையும் சிலவற்றில் பூ ஈக்களையும் விட்டு, காய்ப்பை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள் சில ஜெர்மானியர். தேனீ தந்த அதே விளைச்சலைப் பெறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு ஈக்கள் தேவைப்பட்டன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. தேனீக்குக் கூட்டில் பசித்த குஞ்சுகள் உண்டு. அதனால் அது சலிக்காமல் பூவுக்குப் பூ ஓடுகிறது. ஈக்குச் சொந்த வயிறு ஒன்றுதான். ஆணுக்குச் சிறிது தேனும், முட்டையிடும் பெண்ணுக்குப் புரதத்துக்காகக் கொஞ்சம் மகரந்தமும் கிடைத்துவிட்டால், மிச்ச நேரத்தை வெயிலில் காய்வதிலும் கால்களால் முகத்தையும் கண்களையும் வழிப்பதிலும் செலவழிக்க அதற்குத் தடையில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேன்கூட்டுத் தேனீ தான் திரட்டிய மகரந்தத்தைத் தேன் விட்டுப் பிசைந்து காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டுவிடுவதால், அந்த உருண்டை பூவுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஈயின் உடல் ரோமங்களிலோ பொடி உலர்ந்த நிலையிலேயே இருக்கிறது. ஐந்து ஈ ஒரு தேனீக்குச் சமம் என்பது தாழ்வாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து ஈக்கள் வந்துவிடுகிற தோட்டத்தில் அந்தத் தாழ்வு எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு உலக அளவில் பதில் சொன்னது 2016-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு. ஐந்து கண்டங்களில் நடந்த 39 கள ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தேனீ இனம் அல்லாத பூச்சிகள், அவற்றுள் ஈக்களும் வண்டுகளும் பட்டாம்பூச்சிகளும் பிறவும் அடக்கம், மொத்த மலர் வருகைகளில் 25 முதல் 50 சதவீதம் வரை பங்கு பெற்றிருந்தன. ஒரு வருகையின் பலன் தேனீயினுடையதைவிடக் குறைவு, வருகைகளோ ஏராளம், ஒன்றையொன்று ஈடு செய்து இறுதியில் இரு தரப்பின் சேவையும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்தது. பக்கத்தில் காடும் புதரும் அழிந்துபோன இடங்களில் காட்டுத் தேனீக்கள் குறைந்த அளவுக்கு இந்த மற்றவர்கள் குறையவில்லை என்பது அதே தொகுப்பில் கண்ட இன்னொரு செய்தி. நகரத்துக் கொல்லைக்காரர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

இனி நம் தோட்டத்துப் பூக்களின் விஷயத்துக்கு வருவோம். பூ ஈயின் வாய் குட்டையானது. நுனி ஒத்தி உறிஞ்சுவதற்கு ஏற்றபடி அமைந்தது. ஆகையால் தேன் மேலாகவே கிடைக்கும் திறந்த பூக்களே அதற்கு ராஜ்யம். கொத்தமல்லி, சோம்பு, கேரட் முதலிய குடைப்பூங்கொத்துக் குடும்பம் முழுவதும், வெங்காயப் பூ, கடுகுப் பூ, ஒற்றையடுக்குச் சாமந்தி, காஸ்மாஸ், மாம்பூ ஆகியவற்றில் அதற்கு வேலையும் உண்டு, கூலியும் உண்டு. மஞ்சள் நிறத்தின் மேல் எரிஸ்டாலிஸுக்குப் பிறவியிலேயே மோகம். பூவையே பார்த்திராத இளம் ஈயும் மஞ்சள் புள்ளியைக் கண்டால் வாயை நீட்டுகிறது. நீண்ட குழலுக்கு அடியில் தேனை ஒளித்துவைத்து இரவில் மணக்கும் மல்லிகையோ அந்துப்பூச்சிகளின் சொத்து; பகலில் வரும் ஈக்கு அங்கே ஜோலியில்லை. கத்தரியின் மகரந்தம் பையின் நுனித் துவாரத்தின் வழியே உதிர்வதற்கு, தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் செய்வதுபோல் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்க வேண்டும். அது பூ ஈயால் ஆகாது. தேன்கூட்டுத் தேனீயாலும் ஆகாது. அடுக்கடுக்காக இதழ் பெருகும்படி மனிதன் வளர்த்தெடுத்த பூக்களில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிட்டபடியால் எந்தப் பூச்சி வந்தும் பயனில்லை. தவிர, மாலை கட்டவும் பூஜைக்கும் பூ வளர்ப்பவருக்கு மகரந்தச் சேர்க்கையால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. பல செடிகளில் சேர்க்கை முடிந்த பூ மற்றதைவிடச் சீக்கிரம் வாடிவிடுகிறது. விதையும் காயும் வேண்டுவோருக்கே இந்த விசாரம் எல்லாம்.

மாம்பூவைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சிறிய திறந்த பூக்களுக்குத் தேனீக்களோடு பலவகை ஈக்களும் பெருங்கூட்டமாக வருகின்றன. ஆஸ்திரேலியாவின் வடபகுதி மாந்தோப்புக்காரர்களில் சிலர் பூக்கும் பருவத்தில் செத்த பிராணிகளின் உடலைத் தோப்பில் போட்டு ஈக்களை வரவழைக்கிறார்கள். அங்கே வருபவை பெரும்பாலும் வேஷமற்ற அசல் பிண ஈக்களே. இருந்தாலும், செத்த மாட்டைக் கிடத்தி மகரந்தம் சேர்ப்போரை வரவழைத்த வெர்ஜில் அந்தத் தோப்பைக் கண்டால் தம்மைப் பரிகசித்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் இவை எவ்வளவு இருக்கக்கூடும்? இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தின் புறநகர்த் தெருவொன்றில், புல்வெளியும் பூப்பாத்தியும் காய்கறியுமாக எல்லோர் வீட்டிலும் இருப்பதைப் போன்ற ஒரு தோட்டத்தில், ஜெனிஃபர் ஓவன் என்ற அம்மையார் 1972-இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் வந்துபோன ஜீவன்களை எல்லாம் கணக்கெடுத்தார். கூடார வடிவில் மெல்லிய வலையைக் கட்டி, பறக்கும் பூச்சிகள் மேல்மூலைக்கு ஏறிப் புட்டியில் விழும்படி செய்யும் மலேஸ் பொறி அவருடைய முக்கிய சாதனம். முப்பதாண்டு முடிவில் செடிகளும் பிராணிகளுமாக 2,673 இனங்கள் எழுத்தில் ஏறியிருந்தன. அவற்றுள் பூ ஈக்கள் மாத்திரம் 94. பிரிட்டன் முழுவதற்கும் பூ ஈ இனங்கள் ஏறக்குறைய 280 என்னும்போது, மூன்றில் ஒரு பங்கு ஒரே வீட்டுக் கொல்லைக்கு வந்து போயிருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் இவ்விதம் உட்கார்ந்து முப்பது வருஷம் எண்ணியிருந்தால் என்னென்ன கிடைத்திருக்கும் என்று எண்ணும்போது சிறிது பொறாமையாகவே இருக்கிறது.

திரும்பிச் செல்லக் கூடு இல்லாதது பூ ஈயின் குறை என்று முன்பு சொன்னதையே அதன் சிறப்பாகவும் சொல்லலாம். தேனீயின் உலகம் கூட்டைச் சுற்றி வரையப்பட்ட வட்டம். ஈயோ காற்று போகும் போக்கில் ஊர்விட்டு ஊர் போகிறது. ஐரோப்பாவில் இரண்டு பூ ஈ இனங்கள் பருவந்தோறும் பறவைகளைப் போல வலசை போவதை ராடார் கொண்டு அளந்ததில், தென் இங்கிலாந்தின் வானத்தில் மாத்திரம் ஆண்டுக்கு 400 கோடி வரை போய்வருகின்றன என்று 2019-இல் தெரிந்தது. அப்படி வந்து இறங்கிய ஈக்களின் உடலில் மகரந்தம் ஒட்டியிருந்தது. கடல் கடந்து ஒரு பூவின் பொடி மற்றொரு பூவைச் சென்றடைவதற்குத் தேன்கூட்டுத் தேனீயை நம்பிப் பயனில்லை.

ஏமாற்றுகிறவனை ஏமாற்றும் எத்தனும் இந்தக் கதையில் உண்டு. இமயமலைச் சாரல் முதல் மேற்கு ஆசியா வரை நீரோரங்களில் வளரும் எபிபாக்டிஸ் வெராட்ரிஃபோலியா என்ற ஆர்க்கிட் செடியின் பூவில் அசுவினிகள் மொய்த்திருப்பதுபோல் தோன்றும் சிறு கரும்பருக்கள் இருக்கின்றன. தோற்றத்தோடு நிற்கவில்லை; அசுவினிகள் ஆபத்து வந்தபோது வெளிவிடும் வாசனையையும் அந்தப் பூ வெளிவிடுகிறது என்று 2011-இல் இஸ்ரேலில் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. அசுவினியைத் தின்னும் புழுக்களைப் பெறுகிற பூ ஈ, ‘குழந்தைகளுக்கு இங்கே உணவு நிறைந்திருக்கிறது’ என்று நம்பி இறங்கி முட்டையிட்டு, போகும்போது மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது. பொரித்து வெளிவரும் புழுவுக்கு அங்கே தின்ன ஒன்றும் இல்லை. பறவையின் கண்ணில் மண்ணைத் தூவிய பரம்பரைக்கு ஒரு பூ செய்த பதில் மரியாதை இது.

புழு என்றதும் தோட்டக்காரர்களுக்குச் சொல்லவேண்டிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. பூ ஈயைப் பூவில் கண்டு மகிழ்பவர் அதன் பிள்ளைகளைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார். தட்டைப்பயற்றின் இளங்கொழுந்தில் கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கும்போது உற்றுப் பாருங்கள். கால்களே இல்லாத, கூம்பிய தலையுடைய, வெளிறிய பச்சைப் புழு ஒன்று அவற்றின் நடுவே கிடந்து, தலையை இருபுறமும் வீசித் தேடி, அகப்பட்ட அசுவினியை அப்படியே தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலை உதறிப்போடும். கண் இல்லாத இந்தப் புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தீர்த்துவிடும். பயிரைத் தின்னும் புழு என்று எண்ணி நசுக்குவோரும், அசுவினியைக் கண்ட அன்றே மருந்தடித்து இரண்டையும் ஒன்றாகக் கொல்வோரும் நம்மில் அநேகர். எரிஸ்டாலிஸ், எரிஸ்டாலினஸ் வகைகளின் புழு வேறு ஜாதி. தேங்கிய சாக்கடை, சாணிக்குழி, இலை அழுகிய தொட்டி இவற்றில் மூழ்கிக் கிடந்து, உடலைவிடப் பல மடங்கு நீளக்கூடிய வாலின் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி அதன் வழியே மூச்சு விடுகிறது. பார்ப்பதற்கு அருவருப்பானது என்பதில் சந்தேகமில்லை. இங்கிலாந்தில் இதற்காகவே பாத்திரத்தில் நீரும் புல்வெட்டும் நிரப்பி வைக்கச் சொல்கிறார்கள். டெங்கு பரவும் நம் ஊரில் அந்த யோசனையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எருக்குழி ஒன்று ஈரமாக இருந்தால் போதும். நீர் தேங்க வேண்டியதில்லை.

இந்தக் குடும்பத்தில் எல்லோரும் புண்ணியவான்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. பம்பிள் தேனீயின் கோலம் பூண்ட மெரோடான் ஈயின் புழு நார்சிசஸ் கிழங்கைக் குடைந்து தின்பதால் ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் வசவுக்கு ஆளாகிறது. அதே கோலம் பூண்ட வொலுசெல்லாவின் புழுவோ பம்பிள் தேனீயின் கூட்டுக்குள்ளேயே குடியிருந்து அங்கே விழும் கழிவைத் தின்று பிழைக்கிறது. ஆனாலும் தோட்டத்துக்கு இவற்றால் நேரும் நஷ்டத்தையும் லாபத்தையும் தட்டில் வைத்தால், லாபத்தின் பக்கமே தட்டு தாழ்கிறது என்பது என் அபிப்பிராயம். தேனீக்குப் பதிலாள் என்று பூ ஈயை நியமிக்க முடியாது; தேனீ வராத பூவிலும் வராத நாளிலும் வந்து உதவும் துணையாள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

என் அபிப்பிராயத்தை நம்பவேண்டிய அவசியமும் இல்லை, ஏனெனில் இதை அவரவர் கொல்லையிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். கொத்தமல்லியில் ஒரே நாளில் மொட்டுவிட்ட பத்துக் கொத்துகளைத் தேர்ந்து, ஐந்தை மெல்லிய கொசுவலைத் துணியால் தளர்த்தியாக மூடிக் காம்பில் நூல் கட்டிவிடுங்கள். மற்ற ஐந்தில் அடையாளத்துக்கு வண்ண நூல் மாத்திரம் கட்டுங்கள். பூத்திருக்கும் நாட்களில் காலையிலும் உச்சி வேளையிலும் சிறிது நேரம் நின்று, இரண்டிறகு எத்தனை, நான்கிறகு எத்தனை, கொம்புத்தேனீயா, கொசுத்தேனீயா, கோடு போட்ட கண்ணா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமான காலைகளை விட்டுவிடாதீர்கள், தேனீ தாமதிக்கும் அந்த நேரங்களில்தான் யார் வருகிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. காய் முற்றி விதை பழுத்ததும் இரண்டு தரப்புக் கொத்துகளையும் தனித்தனியே உதிர்த்து எண்ணிவிட்டு, எண்ணிய விதையை வழக்கம்போல் இரண்டாக உடைத்து அடுத்த பாத்தியில் தூவிவிடலாம்.